கரிட்டோனோவும் காற்றுக் காலமும்

மின்தொகுப்பின் நிலைப்புத்தன்மையை முதுநிலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றதும் நெறியாளர் கேட்டது ஒன்றுதான்: "எந்த மாதத்துத் தொகுப்பு?" கேலி போலத் தோன்றினாலும் நியாயமான கேள்வி. பாடப்புத்தகக் கணக்கில் சுமைக்கு ஓர் எண், மின்னழுத்தத்துக்கு ஓர் எண். திருநெல்வேலிச் சீமையில் அது நடக்காது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றுக்குப் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் மின்சாரத்தைக் கொட்டும். ஐப்பசியில் பாதி நேரம் சும்மா நிற்கும். நடுவில் கூடங்குளத்தின் ஆயிரம் மெகாவாட் உலைகள் வேறு.

மாதிரியாக எடுத்தது ஹெஃப்ரான்-பிலிப்ஸ் மாதிரி: ஒரு ஜெனரேட்டர், ஒரு வழித்தடம், அப்பால் பெருந்தொகுப்பு. அதில் கே1 முதல் கே6 வரை ஆறு மாறிலிகள். சுமை கூடி, வழித்தடமும் நீண்டு கிடந்தால் கே5 எதிர்க்குறிக்குப் போய்விடும். அப்போது வேகமான மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியே ஜெனரேட்டர் அலைவின் தணிப்பைத் தின்னத் தொடங்கும். 1969-இல் மின்பொறியாளர்கள் டிமெல்லோவும் கன்கார்டியாவும் இதை விளக்கிவிட்டார்கள். அந்தத் தணிப்பை மீட்டுத் தரத்தான் ஸ்டெபிலைசர் என்னும் துணைக் கட்டுப்பாட்டுக் கருவி. எந்த நிலையிலும் அந்த ஒரே ஸ்டெபிலைசர் தாங்குமா என்பதே என் கேள்வி.

இங்கே கை கொடுத்தது 1978-இல் வெளிவந்த கரிட்டோனோவ் தேற்றம். மாதிரியின் நிலைப்பு ஒரு பல்லுறுப்புக்கோவையில் அடங்கும்; அந்த ஆறு மாறிலிகள் மாறினால் அதன் கெழுக்களும் மாறும். ஒவ்வொரு கெழுவும் தன் எல்லைக்குள் எங்கே இருந்தாலும் சரி, குறிப்பிட்ட நான்கு கோவைகள் மட்டும் நிலைப்பாக இருந்தால் முடிவிலிக் குடும்பம் முழுவதும் நிலைப்பு. எனக்கு இன்றும் இது நம்ப முடியாத சலுகைதான். நான்குக்கும் நிலைப்பைச் சோதிக்கும் ரௌத் அட்டவணை போடுவது ஒரு மாலை வேலை.

எல்லைகளை எங்கிருந்து எடுப்பது? அதற்குத்தான் மாதக்கணக்கில் அலைந்தேன். அனுமதிக் கடிதம் வாங்கி ஒரு துணை மின்நிலையத்தில் பழைய லாக் புத்தகங்களைப் புரட்டினேன். ஆனி மாதத்துப் பக்கம் ஒன்றில் மெகாவாட் பத்தி ஒரு மணி நேரத்தில் பாதியாகச் சரிந்திருந்தது. பக்கத்திலேயே கிலோவோல்ட் ஏறியிருந்தது. குறிப்புப் பத்தியில் சிவப்பு மையில் 'காற்று இல்லை'.

"இது அடிக்கடி நடக்குமா, அண்ணாச்சி?"

"நடக்காத நாளைத்தான் நாங்கள் குறித்துவைக்க வேண்டும், தம்பி," என்றார் பணியில் இருந்தவர்.

பழைய நிலைவேகக் காற்றாலைகள் சுழலும்போது ரியாக்டிவ் பவரை, அதாவது வேலை செய்யாமல் மின்னழுத்தத்தைத் தாங்கிநிற்கும் திறனை, இழுக்கின்றன. காற்று நின்றால் அந்த இழுப்பும் நிற்கிறது. இணைப்பில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னழுத்தத்தைத் தூக்கிவிடுகின்றன. மிஞ்சும் ரியாக்டிவ் பவரைப் பெரிய ஜெனரேட்டர்கள் உள்வாங்க வேண்டும். ஜெனரேட்டரின் சுழலியைக் காந்தமாக்கும் புலமின்னோட்டம் குறைந்த அந்த நிலையில் அவற்றின் நிலைப்பு விளிம்பு சுருங்கும். ரியாக்டிவ் பவரின் கீழெல்லையை எதிர்க்குறிப் பக்கம் நகர்த்தியது அந்தச் சிவப்பு மைதான்.

எல்லை விரிந்ததும் நான்கில் ஒரு கோவை தோற்றது. ஆனால் ஜெனரேட்டர் நிலைகுலையும் என்று அதற்குப் பொருளல்ல. ஆறு மாறிலிகளும் ஒரே சுமையைச் சார்ந்து சேர்ந்தே அசைகின்றன. தேற்றமோ ஒவ்வொரு கெழுவையும் தனித்தனியாக அலையவிடுகிறது. நடக்கவே முடியாத கூட்டுகளும் கணக்கில் புகுந்துவிடும். எனவே இயக்க எல்லையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கோவைகளைச் சோதித்தேன். ஸ்டெபிலைசர் மாறவில்லை, எல்லாத் துண்டுகளும் தேறின.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் தேற்றத்தைத் தொடவே இல்லை. எல்லை அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தார். லாக் புத்தகப் பக்கங்களின் நகல்களைக் கொண்டுபோயிருந்தேன். இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் மென்பொருளைத் திறப்பதற்கு முன் அந்த அனுமதிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது வந்து சேரத்தான் நாளாகும்.