ஃபைஃப் கரையில் ஒரு பைப் பேண்ட் தொடங்கிய கதை

ஸ்காட்லாந்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் காற்றடைத்த பையோடு ஊதும் பேக்பைப் என்றால் எனக்கு எடின்பரோ தெருமுனையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஊதுகிறவர்தான். நாங்கள் இருப்பது ஃபைஃப் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் இங்கே சுரங்கத் தொழிலாளர்களின் பைப் பேண்ட், அதாவது பேக்பைப்பும் டிரம்மும் சேர்ந்து வாசிக்கும் குழு, இருந்திருக்கிறது. சுரங்கம் மூடியது, ஆள் குறைந்தது, பேண்டும் நின்றுபோனது. அதைத் திரும்பத் தொடங்கப்போவதாக 2022 ஜனவரியில் நூலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வயது மகள் அதைப் படம் பிடித்து வந்து காட்டினாள். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

தேவாலயக் கூடத்தில் பதினேழு பேர் இருந்தோம். தொடங்கிவைத்தவர் ராணுவத்தில் பைப்பராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது எழுபதுக்கு மேல். பைப் மேஜர் என்றால் பேண்டை நடத்துகிறவர். பேண்டே இல்லாதபோதே எல்லாரும் அவரை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். ஆளுக்கொரு கறுப்புப் பிளாஸ்டிக் குழலைக் கொடுத்தார். பிராக்டிஸ் சாண்டர். பைப்பில் மெட்டு வாசிக்கும் குழலுக்குச் சாண்டர் என்று பெயர், இது பையில்லாத பயிற்சிக் குழல். புல்லாங்குழலுக்கும் குட்டி நாயனத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று மாதிரி இருந்தது. ஒரு பையன் "பை எங்கே?" என்று கேட்டான். "அடுத்த வருஷம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பைப் பேண்ட் தொடங்கப் பணம்தான் பெரிய தடை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பணம் எப்படியோ வந்துவிடும். பைப் ஊத ஆசைப்பட்டு வந்தவரை ஒரு வருஷம் வெறும் சாண்டரோடு உட்காரவைப்பதுதான் பாடு.

அந்தக் குழலில் இருப்பது ஒன்பதே சுரம். மகள் வீட்டில் ஊதிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து என் மனைவி "இது ஹரிகாம்போதி ராகம் மாதிரி இல்லை?" என்றாள். அதேதான். கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரை ஹரிகாம்போதி, அதற்கும் கீழே ஒரு நிஷாதம். ஆனால் பைப்பில் சத்தத்தை நடுவில் நிறுத்தவும் முடியாது, கூட்டிக் குறைக்கவும் முடியாது. பையில் காற்று இருக்கும்வரை ஒலிக்கும். அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிப்பது எப்படி? நடுவில் இன்னொரு சுரத்தை மின்னல் மாதிரி தொட்டுவிட்டு வர வேண்டும். கிரேஸ் நோட் என்பார்கள். ஆரம்பப் பாடத்தில் பாதி அதுதான். மெட்டே கிடையாது, மேசையில் விரலைத் தட்டித் தட்டி மாதக்கணக்கில் அதே பயிற்சி. ஜூன் மாதம் எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர் ஒன்பதாகியிருந்தோம்.

அந்த ஒன்பது பேரும் தங்கியதற்குக் காரணம், என் கணக்கில், கடைசிப் பத்து நிமிஷம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வகுப்பு முடியும்போது பைப் மேஜர் தன் சொந்தப் பைப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடப்பார். பிள்ளைகள் பின்னால் கால் எடுத்துவைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டிய கூடத்துக்குள் அந்தச் சத்தம் நெஞ்சாங்கூட்டில் இறங்கும். நான் சுவரோரம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். மூன்றாவது வாரம் என் முன்னால் வந்து நின்று, "உங்கள் கை தப்பவே இல்லையே, பாஸ் டிரம் அடிக்கிறீர்களா?" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் இப்படித்தான் பேண்டில் சேர்ந்தேன். கூடவே பொருளாளர் வேலையும் ஒட்டிக்கொண்டது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் கொண்ட குழு, ஒரு சட்டதிட்டத் தாள், வங்கிக் கணக்கு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களுக்கு டிஸ்க்ளோஷர் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பின் பி.வி.ஜி. பதிவு (குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பது). இவ்வளவும் இருந்தால்தான் மானியம் தருகிறவர்கள் விண்ணப்பத்தையே படிப்பார்கள். கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. செயலாளராக இருந்த என் மனைவியும் நானுமாகப் போட்டுக் கொடுத்த படிவம் அதனால் திரும்பி வந்தது. இதைத் தொடங்கும்போதே பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். எங்கள் வங்கியும் அவசரப்படுகிற ரகம் இல்லை.

பழைய பேண்டின் சட்டதிட்டத்தில் ஒரு நல்ல வரி இருந்தது: கலைக்கப்பட்டால் சொத்தெல்லாம் இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போக வேண்டும். அந்தச் சொத்து, முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தின் மாடி அலமாரியில் இருபது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாஸ் டிரம், நான்கு ஸ்னேர் டிரம், பதினோரு கில்ட், அதாவது கட்டம்போட்ட ஸ்காட்டிஷ் பாவாடை. கில்ட்டுகளில் ஐந்தை அந்துப்பூச்சி தின்றிருந்தது. எந்த டார்டன், அதாவது எந்தக் கட்டத் துணி, என்று இரண்டு கூட்டம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மிச்சம் ஆறு கில்ட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். புதுக் கில்ட் ஒன்றின் விலையைக் கேட்டிருந்தோம் அல்லவா.

பைப்தான் செலவு. புதிது அப்போது ஆயிரம் பவுண்டுக்கு மேல். பழசாக ஐந்து வாங்கினோம், ஒன்று ஐந்நூறிலிருந்து எழுநூறு வரை. ஒரு பையனின் அப்பா இணையத்தில் நூற்றிருபது பவுண்டுக்கு ஒன்றைப் பிடித்துவிட்டார். பித்தளைப் பூணெல்லாம் பளபளவென்று இருந்தது. பைப் மேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூட்டில் உதட்டை வைத்து ஊதிப் பார்த்து, "சுவரில் மாட்ட அழகாக இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. வாங்குவதற்கு முன்னால் தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று நாங்களும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

பைகள் வந்த 2023 மார்ச்சில் வாசிப்பே இல்லை. நூலும் மெழுகும்தான். மர மூட்டுகளில் காற்று கசியாமல் சணல் நூலை மெழுகு தடவிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று கூடினால் மூட்டு இறங்காது, குறைந்தால் நடக்கும்போது ட்ரோன், அதாவது ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் குழல், கழன்று விழும். அப்புறம் ரீட். நம்மூர்ச் சீவாளியின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம், இரண்டு நாணல் பட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. பைப் மேஜர் ஒவ்வொரு ரீட்டையும் வாயில் வைத்து ஊதுவார். காக்கை கரைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தலையை ஆட்டுவார், இல்லை என்றால் கட்டைவிரலால் மெல்ல ஓர் அழுத்து. பிறகு மறுபடி காக்கை. என் மகளுக்கு ஐந்தாவது ரீட்தான் சரிவந்தது. அதுவரை கடினமான ரீட்டில் முகம் சிவக்க ஊதிவிட்டு அழுதிருக்கிறாள். ஆரம்பக்காரர்களுக்கு இளகிய ரீட் கொடுங்கள். வீம்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு பேரின் பைப்பை முதன்முதலாக வட்டமாக நிற்கவைத்துச் சுருதி சேர்த்த நாளில் ஒரு மணி நேரம் போனது. ஒவ்வொரு பைப்பிலும் மூன்று ட்ரோன், அதாவது மூன்று ஒத்து. ஆக இருபத்தொரு ஒத்து, ஏழு சாண்டர். சொல்வது மேற்கத்திய ஏ சுரம், கேட்பது அதைவிட உயர்ந்த பி பிளாட்டுக்கும் மேலே. என் சுருதிப்பெட்டிக் கணக்கில் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில். பைப் மேஜர் ட்ரோன் குழலை மயிரிழை மேலே தள்ளுவார், கீழே இறக்குவார். சேராத வரை ஒலியில் ஒரு அலை அடிக்கும். சேரச் சேர அலை நீண்டு, பிறகு இல்லாமலே போய்விடும். அந்த நொடியில் கூடத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சதிர்க் கச்சேரிகளில் சுருதிக்குத் துத்தி என்ற பைக்குழலை ஊதினார்கள் என்று படித்திருக்கிறேன். என்னவோ அதன் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. காதடைப்பான் மட்டும் மறக்கக் கூடாது.

2024 ஜூனில் ஊர்த் திருவிழா. ஏழு பைப், இரண்டு ஸ்னேர், ஒரு டெனர் டிரம், பாஸ் டிரம்மோடு நான். வயிற்றுக்கு முன்னால் அதை மாட்டிக்கொண்டால் சொந்தக் கால் தெரியாது. நடைபாதைக் கல் எங்கே என்று முதல் நாளே போய் எண்ணி வைத்திருந்தேன். முதலில் டிரம்மில் இரண்டு முறை படபடவென்று உருட்டி அடிப்பார்கள். இரண்டாவது உருட்டலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பையைத் தட்டி ட்ரோனை எழுப்ப வேண்டும், உடனே பஞ்சமம், பிறகு மெட்டு. தொடக்கம் கச்சிதமாக வந்தது. இரண்டாவது மெட்டில் ஸ்னேர்காரர் ஒருவர் தாளத்தில் முந்தி ஓடிவிட்டார், நான் அழுத்தி அடித்து இழுத்துப் பிடித்தேன். முடிவுதான் சொதப்பியது. எல்லாரும் நிறுத்திய பிறகு ஒரே ஒரு பைப் மட்டும் ங்ஙொய்ங் என்று இழுத்து, இழுத்து, அடங்கியது. கூட்டம் கைதட்டியது. திரும்பிப் பார்த்தேன். மாணவர்கள் எல்லாரும் நேராக நின்றிருந்தார்கள். பைப் மேஜர்தான் பையை அக்குளில் அமுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் கூடத்தைத் திறந்தபோது வாசலில் புதிதாக ஆறு பேர் நின்றார்கள். அலமாரியில் சாண்டர் நான்குதான் இருந்தது.