"இப்ப எங்க வேல?": நீண்ட தேடலுக்குப் பிறகு பழைய ஓஃபிஸ் ஆட்களைச் சந்திப்பது

மட்டக்களப்பில் வேலை போனவருக்கு ஒளித்திருக்க இடமில்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே ஒரு தலைமுறையே தொண்டு நிறுவனங்களில்தான் வேலை பழகியது. புரொஜெக்ட் முடியும், ஓஃபிஸ் பூட்டும், கொஞ்சக் காலத்தில் அதே முகங்கள் வேறொரு நிறுவனத்தின் வாகனத்தில் வந்து இறங்கும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது அந்தச் சுற்று பலருக்கு அறுந்தது. அடுத்த வேலைக்கு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் முதலில் கைவிட்டது கல்யாண வீடுகளையும் கோயில் திருவிழாக்களையும்தான். கேள்விக்குப் பயந்து ஒதுங்கினால், வேலைச் செய்தி வாய்வழியே வரும் பாதையும் அடைபட்டுவிடும்.

சித்திரை வருசப் பிறப்புக்குக் கொழும்பில் இருப்பவர்கள் ஊருக்கு வருவார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் அரை மாவட்டமே நிற்கும். கல்லடிக் கடற்கரைக்குப் பின்னேரம் போனால் இரண்டு பேராவது எதிர்ப்படுவார்கள். ஆகவே சந்திப்பு எப்படியும் நடக்கும். அதற்குச் செய்ய வேண்டிய ஆயத்தம், இரண்டு வசனத்தில் ஒரு பதில்.

வேலை கிடைத்துவிட்டவருக்கு அது இப்படி அமையலாம்: "புரொஜெக்ட் முடிஞ்சாப்புறகு கொஞ்சக் காலம் எடுத்திச்சி சேர். இப்ப செங்கலடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில கணக்குப் பாக்கன். உங்கட மகன் ஏ.எல். எழுதிட்டானா?" தேடல் நீண்டதை முதலில் நாமே சொல்லிவிட்டால் மற்றவர் அதைத் தோண்ட மாட்டார். வேலையை நடுவில், விளக்கம் இல்லாமல் வைக்க வேண்டும். கடைசிக் கேள்வி பேச்சை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிவிடும். பிழை விடுவது பெரும்பாலும் நடுவில்தான். முந்தி வெளிக்கள இணைப்பாளராக இருந்தவர் இப்போது கடையில் விற்பனை பார்த்தால், "தற்காலிகந்தான், சும்மா இருக்க ஏலாமத்தான்" என்று இழுப்பார். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார், அந்த இழுவைதான் அவரை அனுதாபப்பட வைக்கிறது.

இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் "ஏதும் இருந்தாச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. எல்லாரும் "ஓம் ஓம்" என்பார்கள், வாசல் தாண்டும்போது மறந்துவிடுவார்கள். என்ன வேலை, எந்த இடம், எப்போதிருந்து என்று மூன்றையும் சொல்ல வேண்டும்: "ஸ்டோர்ஸ் இல்லாட்டி கொள்வனவுப் பக்கம் பாத்திட்டு இரிக்கன். மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில எண்டா எங்கயும் ஓகே. நாளைக்கே தொடங்கலாம்." இதைக் கேட்டவருக்கு அடுத்த கிழமை களுவாஞ்சிக்குடியில் ஒரு ஸ்டோர்ஸ் வேலை காதில் விழுந்தால் உங்கள் முகம் ஞாபகம் வரும்.

சம்பளம் கேட்பார்கள். தொகை சொல்லத் தேவையில்லை. "வெளிக்கள அலவன்ஸ் இல்ல, மற்றப்படி சமாளிக்கலாம்" என்றால் போதும். வேலை போன கதையைக் கிண்டுபவரும் இருப்பார். யாரை வைத்துக்கொண்டார்கள், யாரை விட்டார்கள் என்ற கணக்கில் மட்டும் இறங்க வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் இந்தத் துறை சின்னது. பந்தியில் பக்கத்திலிருந்து சோறு சாப்பிடுபவர் அடுத்த இன்டர்வியூவில் மேசைக்கு மறுபக்கம் இருக்கக் கூடும். காத்தான்குடியில் வலீமா என்ற கல்யாண விருந்துக்குப் போய், பலர் சேர்ந்து சாப்பிடும் சகன் தட்டு வைத்தால் நிலைமை இன்னும் இறுக்கம். ஒரே தட்டைச் சுற்றி இருந்துகொண்டு பாதியில் எழும்ப முடியாது. அங்கே பேச்சு திசை மாறினால் இறைச்சியைப் பற்றிக் கதைப்பதுதான் வழி, அது எப்போதும் பலிக்கும்.

விளிப்பிலும் கவனம் வேண்டும். பழைய மேலதிகாரி வேலை மாறினாலும் சேர்தான், மெடம்தான். சிக்கல் வருவது முந்தி உங்களுக்குக் கீழே இருந்த தம்பி இப்போது உங்கள் புது இடத்தில் மேலதிகாரியாக இருந்தால். கோயிலில் "தம்பி", ஓஃபிஸில் "சேர்" என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் சுகம். திருவிழாவில் கைகட்டி "சேர்" என்றால் அந்தப் பொடியனுக்குத்தான் கூச்சமாகிவிடும்.

செத்த வீட்டில் வேலை கேட்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், அதுவும் மற்றவர் தொடங்கினால் மட்டும்.

பழைய ஆட்கள் ஒன்றுகூடல் வைத்தால், பில்லைப் பங்கு போடுகிறார்களா என்று ஒழுங்கு செய்பவரிடம் முதலே தனியாகக் கேட்டுவிடுங்கள். அந்த நேரம் கை கடிக்கும் என்றால், சாப்பாடு முடிந்து தேத்தண்ணிக்குப் போய்ச் சேரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சந்திப்புகளில் கொண்டுவர வேண்டிய பொருள் ஒன்று உண்டு, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். சீவியில் ரெஃபரியாக, அதாவது நம்மைப் பற்றி விசாரிக்கக்கூடிய ஆளாகப் போட்ட சேரின் மின்னஞ்சல் பழைய நிறுவனத்தினுடையது. ஓஃபிஸ் பூட்டினால் அதுவும் செத்துவிடும், புது நிறுவனம் அனுப்பும் கடிதம் திரும்பி வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் பலர் வெளிநாடு போனார்கள், அவர்களுடைய உள்ளூர் நம்பரும் வேலை செய்யாது. வேலை தருகிற இடம் ரெஃபரியைப் பிடிக்க முடியாவிட்டால் பெரும்பாலும் உங்களிடம் திருப்பிக் கேட்காது, அடுத்த பெயருக்குப் போய்விடும். ஆகவே நேரில் கண்ட அன்றே தனிப்பட்ட மின்னஞ்சலையும் இப்போதைய வட்ஸ்அப் நம்பரையும் வாங்கி, "உங்கட பேரப் போடலாமா சேர்?" என்று வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். சேவைக் கடிதம் கையில் இல்லையென்றால் கொழும்புத் தலைமை ஓஃபிஸில் இப்போது அதைப் பார்ப்பவர் யார் என்றும் கேளுங்கள். அதில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசிப் பதவி, விலகிய காரணம் நான்கும் இருக்க வேண்டும். காரணம் விடுபட்டால் ஆளைத் துரத்திவிட்டார்கள் என்றே சிலர் நினைப்பார்கள்.

காசு விசயமும் இங்கேதான் தெரியவரும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குக் கிரச்சுவிட்டி (பணிக்கொடை) உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம், வேலை முடிந்து 30 நாளுக்குள். "எனக்கு வந்திட்டு, உங்களுக்கு வரல்லையா?" என்று ஒருவர் சொன்னால் நியமனக் கடிதத்தோடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதையும் அப்போதே பாருங்கள். அதை ஆண்கள் 55, பெண்கள் 50 வயதில்தான் பொதுவாக எடுக்கலாம் என்பதால், விடுபட்ட மாதங்களைப் பலர் அதுவரை கவனிப்பதே இல்லை.

அடுத்த நாள் ஒரு சின்ன மெசேஜ் போட வேண்டும். பழைய குறூப்பில் வேண்டாம், தனியாக: "நேற்றுக் கண்டது சந்தோசம் சேர். இந்த மாசம் கணக்கு உதவியாளர் வேலை ஒண்டுக்குப் போட்டிரிக்கன், உங்களுக்கு எடுத்தாலும் எடுப்பாங்க." வேலை கிடைத்தால் ரெஃபரிக்குத்தான் முதல் செய்தி போக வேண்டும். அவர் அதை வேறொரு கல்யாண வீட்டில் மூன்றாம் ஆள் வாயால் கேட்டால், அடுத்த முறை போனை எடுக்கமாட்டார்.