60 பேரைக் கேட்டு 1500 பேரைக் கணிப்பது

1500 மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரி. நூலகத்தை இரவு 9 மணி வரை திறந்து வைத்தால் வருவீர்களா என்று 60 பேரிடம் கேட்கிறோம். 24 பேர் ‘வருவோம்’ என்கிறார்கள். 60-இல் 24 என்றால் 40 சதவீதம். 1500-இல் 40 சதவீதம் 600 பேர். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இதை நம்பி 600 நாற்காலி வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

வேறு 60 பேரைக் கேட்டிருந்தால் 20 வந்திருக்கலாம், 29-உம் வந்திருக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர்தான் பிழை; அதை அளக்க வழி உண்டு. 0.4-ஐயும் 0.6-ஐயும் பெருக்கி, 60-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்குங்கள். 0.124 வரும், அதாவது இரு பக்கமும் 12 சதவீதப் புள்ளி. ஆக, 28 முதல் 52 சதவீதம். தலைக்கணக்கில் 420 முதல் 780 வரை. 1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கான எண்: இதே முறையில் திரும்பத் திரும்ப சர்வே எடுத்தால், நூற்றில் 95 தடவை உண்மை விகிதம் அந்தந்த வரம்புக்குள் சிக்கும்.

இந்தப் பிழையை மனக்கணக்காகத் தோராயமாகப் போட, 1-ஐ ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 100 பேருக்கு 10 புள்ளி, 400 பேருக்கு 5, 1600 பேருக்கு 2.5. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும் என்பதால்தான் பல கருத்துக்கணிப்புகள் ஆயிரம், இரண்டாயிரம் பேரோடு நின்றுவிடுகின்றன. ‘மொத்தத்தில் 10 சதவீதம் பேரையாவது கேட்க வேண்டும்’ என்று பலர் சொல்வதில் அர்த்தமே இல்லை. சரியாகக் கணக்குப் போட்டால், 5 புள்ளி துல்லியத்துக்கு இந்தக் கல்லூரியில் 306 பேர் வேண்டும். 10 கோடி மக்களுக்கு 385 பேர் போதும்.

இவ்வளவும் குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்திருந்தால் மட்டுமே செல்லும். 1500-ஐ 60-ஆல் வகுத்தால் 25. 1 முதல் 25 வரை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுங்கள். 7 வந்தால், பெயர்ப் பட்டியலில் 7, 32, 57 என்று 25 தாண்டித் தாண்டிப் போங்கள். பட்டியலின் வரிசையை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வகுப்பிலும் 25 பேர், முதல் பெயர் வகுப்புத் தலைவர் என்று இருந்து, குலுக்கலில் 1 வந்தால் 60 வகுப்புத் தலைவர்கள்தான் கிடைப்பார்கள். நூலக வாசலில் நின்று கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தேர்வு கோணினால் எண்ணிக்கை காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கியது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் பெறுவார் என்றது. அவரை எதிர்த்து நின்ற அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீதம் பெற்று ஜெயித்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்தது ஒரு கோளாறு; பதில் அனுப்பாதவர்களை மறந்தது அதைவிடப் பெரிய கோளாறு.

இப்போது அதே 24 பேரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கல்லூரியில் விடுதியில் தங்குபவர்கள் 500, வீட்டிலிருந்து வருபவர்கள் 1000. நம் 60-இலோ இரு தரப்பிலும் 30 பேர். விடுதியில் 18 பேர் (60 சதவீதம்), மற்றவர்களில் 6 பேர் (20 சதவீதம்) ‘வருவோம்’ என்றிருக்கிறார்கள். தனித்தனியாகப் பெருக்கினால் 300-உம் 200-உம், மொத்தம் 500. அதே பதில்கள்தான், ஆனால் நூறு பேர் காணாமல் போய்விட்டார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் உண்மையான எடையைக் கொடுத்தபின் வரும் 33 சதவீதத்தைத்தான் வெளியே சொல்ல வேண்டும். அதற்காக, 60-க்குள் இருக்கும் 15 இறுதியாண்டு மாணவர்களை மட்டும் பிரித்து அவர்களுக்குத் தனிச் சதவீதம் போட்டுவிடாதீர்கள். அங்கே பிழை 25 புள்ளி.

‘தெரியாது’ என்றவர்களை எங்கே சேர்க்கிறோம் என்பதையும் எழுதிவையுங்கள். 10 பேர் அப்படிச் சொல்லியிருந்தால் 60-ஆல் வகுக்கும்போது 40, 50-ஆல் வகுக்கும்போது 48. அடுத்த ஆண்டு இதே கேள்வியைக் கேட்டு இரண்டையும் ஒப்பிடும்போது, வித்தியாசத்துக்கான பிழை தனிப் பிழையைவிடப் பெரிது: இரண்டிலும் 3 புள்ளி என்றால் வித்தியாசத்துக்கு 4.2. அந்த நிலையில் 40 சதவீதம் 44 ஆனதைக்கூட ‘உயர்ந்தது’ என்று அடித்துச் சொல்ல முடியாது.