எல்லை தாண்டும் உணவுப் பெட்டி

கூடாரப் பயணமாக அண்டை நாட்டுக்குச் செல்வோர், உடைகளைவிட உணவுப் பெட்டியைத்தான் அதிகக் கவனத்துடன் அடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழத்துக்குள் இருக்கும் பழ ஈயின் புழு புதிய நாட்டின் தோட்டங்களைப் பாழாக்கக்கூடும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸோ உறைந்த இறைச்சியில் மட்டுமல்லாமல், உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும்கூட மாதக்கணக்கில் வீரியம் குன்றாமல் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரப் பொதுவாகத் தடை இருப்பதற்கு இத்தகைய நோய்களே காரணம்.

தொழிற்சாலையில் அடைத்த பொட்டலங்களைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டால், உள்ளே இருப்பது என்னவென்று அதிகாரிக்குக் காட்ட வழியில்லை. காய்கனிகளை எல்லையைக் கடந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். சந்தேகமான எதையும், திரும்பி வரும்போது மீந்திருக்கும் உணவு உட்பட, கேட்பதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளைப் பறிகொடுக்க நேரலாம், ஆனால் மறைத்த பொருளுக்கு அபராதமும் சேரும்.