இரண்டு பேர்

அன்றைக்கு அந்தப் பிள்ளை கேட்டது கேள்வியே அல்ல என்பது, பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் பம்பலப்பிட்டிச் சந்தியில் வாகனம் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"சேர், நீங்கள் படிக்கேக்க இந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் இருந்தனீங்கள்?"

"பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பம்" என்றேன். கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்பிடியே சேர்?" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

(மாணவியாக இருந்தபோது அவள், விரிவுரையாளரான பின் அவர். நினைவில் அவள் என்றுதான் வருகிறது, அப்படியே இருக்கட்டும்.)

இருந்தது இரண்டு பேர். நானும், இப்போது கனடாவில் இருக்கும் இன்னொருவரும். எங்கள் பேராசிரியர் அந்த இரண்டு பேருக்காக அரசகேசரி தமிழில் பாடிய இரகுவம்மிசக் காவியத்தைப் பதம் பிரித்து, ஒரு பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் என்று படிப்பித்தார். மழைக்கு மற்றவர் வராத நாட்களில் எனக்கு மட்டும் படிப்பித்தார். இதை நான் ஒளித்து வைத்தவனில்லை. வருடா வருடம் முதல் விரிவுரையில் பெருமையாகச் சொல்லுவேன், "இரண்டு பேருக்காக ஒரு மனுசன் தொண்டை கிழியக் கத்தினார்" என்று. அந்தப் பிள்ளை முன்வாங்கிலிருந்து அதைக் கேட்டவள்.

அவளுக்கு விடை தெரியும். நான் என்ன சொல்லுவேன் என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள். அல்லது அப்படி நினைப்பது என் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கலாம். எட்டு வருடத்துக்கு முந்திய விரிவுரையை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

விசயம் இதுதான். ஈழத்து இடைக்கால இலக்கியம் என்ற விருப்பப் பாடத்துக்கு அந்த முறை மூன்று பேர் பதிந்திருந்தார்கள். பத்துப் பேர் இல்லாவிட்டால் பாடத்தை நடத்துவதில்லை என்பது பீடச்சபையில் எடுத்த முடிவு. தலைமை தாங்கியவன் நான். அந்தப் பாடத்திட்டத்தை எழுதியவனும் நான். 1310இல் தம்பதெனிய அரசவையில் அரங்கேறிய சோதிட நூலான சரசோதிமாலையில் தொடங்கி, யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம் என்ற வைத்திய நூல், பிறகு கண்ணகி வழக்குரை, கடைசியில் இரகுவம்மிசம். சோதிடமும் வைத்தியமும் இலக்கியமா என்று அந்த நாளில் சண்டை பிடித்தவர்களை எல்லாம் மடக்கி அதை உள்ளே கொண்டுவந்தேன். பதினாறு வருடத்துக்குப் பிறகு அதே பாடத்தை இடைநிறுத்தக் கையொப்பம் வைத்தேன்.

என் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முந்தின கிழமை சிங்களத் துறையிலிருந்து ஒரு மூத்தவர் வந்திருந்தார். சந்தேச காவியங்கள் பற்றிய அவருடைய பாடத்துக்கு ஆறு பேர். தேவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குயிலைத் தூதுவிடும் கோகில சந்தேசத்தை அவர் சொல்லக் கேட்டால் சாப்பாட்டை மறந்துவிடலாம். அவருக்கு நான் மாட்டேன் என்றேன். ஆறுக்கு இல்லை என்றவன் மூன்றுக்கு ஓம் என்றால் இந்தக் கொழும்பில் என்ன கதை கிளம்பும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. "தமிழ்ப் பீடாதிபதி தமிழுக்குச் செய்துபோட்டார்." நல்லாசிரியனுக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் நிறைகோலும் ஒன்று, தராசு. மெய்ந்நடுநிலை. அன்றைக்கு நான் தராசாகத்தான் இருந்தேன்.

சரி, தராசு பொய் சொல்லுமா?

கையொப்பத்தை நான் இன்னும் சரியென்றுதான் நினைக்கிறேன். அந்தப் பத்துப் பன்னிரண்டுதான் அரிக்கிறது. "இரண்டு பேர், பிள்ளை, ஆனால் இப்ப ஏலாது" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன் போல. அல்லது அந்த நிமிடத்தில் உண்மையிலேயே பத்துப் பேர் இருந்ததாக நம்பினேனோ? பதவிக்கு வந்த பிறகு எண்கள் எனக்குள் தாமாகவே பெருக்கத் தொடங்கிவிட்டன.

பதவிக்குப் போனதே பிழை என்று மனைவி சொல்லுவா. நான் உடனே ஆட்களைக் காட்டுவேன். வீரயுகக் கவிதையை ஆராய்ந்த கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். பத்துப்பாட்டை ஆராய்ந்த வித்தியானந்தன் பிறகு அங்கே துணைவேந்தராக இருந்தார், கூத்தையும் விடவில்லை. சேக்கிழார் சோழ அமைச்சர். ஒருநாள் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன்: சேக்கிழார் அமைச்சு வேலையை விட்டுத் தில்லைக்குப் போய்த்தான் பெரியபுராணம் பாடினார் என்றல்லவா மரபு சொல்கிறது? அந்த உதாரணத்தை இப்போது எடுப்பதில்லை.

நன்னூலிலேயே ஆசிரியனாகத் தகாதவனுக்கும் உவமை இருக்கிறது. முடத்தெங்கு. தண்ணி ஊற்றினவன் வளவிலே நின்றுகொண்டு, வளைந்து அடுத்த வளவுக்குள் காய் போடும் தென்னை. வகுப்பில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். இப்போது என் நாளெல்லாம் கூட்ட அறிக்கைகளுக்கும் விலைமனுக்களுக்கும் காய்க்கிறது. ஆனால் யாரோ ஒருவர் அந்த வளவுக்குள்ளும் காய் போடத்தானே வேண்டும்? அந்தக் கட்டடத்துக்குக் கூரை மாற்றினது நான். மழைக்கு ஒழுகாத வகுப்பில் இருந்துதான் இப்போது படிக்கிறார்கள். இதை அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னவென்று சொல்லுவது?

போன மாதம் மண்டபம் கேட்கும் படிவம் ஒன்று மேசைக்கு வந்தது. அவளுடையது. சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணி, சிறிய அறை போதும், கொடுப்பனவு கோரப்படவில்லை. நோக்கம் என்ற இடத்தில் "இரகுவம்மிச வாசிப்பு" என்றிருந்தது. கலந்துகொள்வோர் எண்ணிக்கை: 2.

மூன்று பேர் அல்லவா பதிந்திருந்தார்கள்? ஒரு பிள்ளை நின்றுவிட்டதா, அல்லது எனக்குத்தான் எழுதினாளா தெரியாது. கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். பியோன் பிளேன்ரீயோடு வந்து நின்றார். படிவத்தில் கையொப்பம் வைத்து, சிறிய அறையை வெட்டி, விசிறி வேலை செய்யும் பெரிய அறையின் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்.