அப்பா காப்பி அங்கதான் இருக்கு

நேத்து அக்கா பாப்பாவ ஏற்காடு ஏரிக்கு கூட்டிட்டு போனோம், தண்ணிய பார்த்ததும் ரெண்டு கையும் படபடன்னு ஆட்டி அப்படி ஒரு சிரிப்பு, 7 வயசாச்சு, இன்னும் ஒரு வார்த்தை வரல. ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம், ஜீன் கோளாறால மூளை வளர்ச்சி பாதிக்கிற ஒரு நிலை. 1965ல ஹாரி ஏஞ்சல்மேன்னு ஒரு இங்கிலாந்து குழந்தை டாக்டர் இத பத்தி எழுதினார். 15வது குரோமோசோம்ல யூபிஇ3ஏன்னு ஒரு ஜீன், நியூரான்ல, அதாவது மூளை நரம்பு செல்லுல, அம்மாகிட்ட இருந்து வந்த ஜீன் காப்பிதான் வேலை செய்யும், அப்பா காப்பிய டிஎன்ஏவ எதிர்ப்பக்கமா படிச்சு உருவாகுற ஒரு நீளமான ஆர்என்ஏ நகல் அமுக்கி வச்சிடும். பாப்பாவுக்கு அம்மாகிட்ட இருந்து வந்த குரோமோசோம்ல அந்த ஜீன் இருக்குற துண்டே விட்டுப்போச்சு. அப்பாவோடது முழுசா இருக்கு, ஆனா பேச விடல. அந்த ஆர்என்ஏவ அழிக்கிற மருந்து டிரையல்ல இருக்கு, தினமும் அதத்தான் தேடி படிக்கிறேன். சொந்தக்காரங்களே, அக்காவ குறை சொல்லாதீங்க, இந்த துண்டு விடுபடறது பெரும்பாலும் புதுசா தானா நடக்குறது. எறங்குறப்ப 20 கொண்டை ஊசி வளைவும் பாப்பா சிரிச்சுட்டேதான் வந்தா.