தள்ளி நின்று ஒரு கும்பிடு

நாயகன் எனக்குப் பிடிக்காது. மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. அதன் மேல் எனக்கு இருக்கிற மரியாதை, பிடிக்கும் என்று சொல்கிற பலருக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் டிவியில் அது ஓடுகிறது என்றால் நான் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவேன். மும்பைத் தாராவியில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு முகமே மாறிவிடுகிறது. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் "நாயகன் படத்துல வருமே, அந்தத் தாராவியா?" என்று கேட்காத ஆளில்லை. அந்தத் தாராவிதான். படத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் போட்ட செட்.

அந்த செட்டையே முதலில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு நிற்கும் சந்து, ஒழுகும் தகரம், ஈரம் காயாத தரை, எல்லாம் சரியாக இருக்கும். தேசிய விருது கொடுத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவுக்கும் கமலின் நடிப்புக்கும்கூடக் கிடைத்தது. அப்புறம் சரண்யா அறிமுகமாகும் அந்தக் காட்சி. விபசார விடுதியில் ஓர் அறை. வந்தவனிடம் அந்தப் பெண் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிட முடியுமா? ஒரு பிள்ளையின் வாழ்க்கை எங்கே வந்து மாட்டிக்கொண்டது என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். இன்னொரு படத்தில் இதற்குப் பத்து நிமிடம் அழுதிருப்பார்கள். அதை எடுத்த மணிரத்னத்துக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். 2005ல் டைம் பத்திரிகை நூறு சிறந்த படங்களைப் பொறுக்கியபோது இதையும் சேர்த்தது. சேர்க்கட்டும், தகுதிதான்.

அப்பாவுக்கு இந்தப் படம் உயிர். அவர் தோல் பட்டறையில் கணக்கு எழுதியவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அறுபதுகளில் வந்தவர். "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி" என்று மதராஸிகளை விரட்டச் சொல்லிக் கோஷம் போட்ட காலம் அது. அந்தக் கோஷத்தை நாங்கள் சோறு சாப்பிடும்போது நடித்துக் காட்டிச் சிரிப்பார். அப்போது எப்படி இருந்தது என்று மட்டும் சொன்னதில்லை. 1987 தீபாவளிக்கு நாயகன் வந்தபோது, வேட்டி கட்டிய ஒரு தமிழன் இந்த ஊரில் நிமிர்ந்து நிற்பதைத் திரையில் பார்த்த அவர் தலைமுறைக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதெல்லாம் எனக்கு மரியாதைதான்.

ஆனால் எனக்கு ஒட்டவில்லை. ஒட்டாததற்கு முதல் காரணம் டெல்லி கணேஷ். அவர் நடிப்பு அல்ல, அவருக்குக் கொடுத்த வேலை. கமல் நடித்த தாதா வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது, அதனால் கூடவே ஓர் ஐயர் வந்து மொழிபெயர்க்கிறார். சின்னப் பையனாகத் தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்து பம்பாயிலேயே வளர்ந்த ஆளுக்கு இந்தி தெரியாதாம்! எங்கள் ஒற்றை அறை வீட்டுப் பக்கம் தண்ணீர்க் குழாய் வரிசையில் சண்டை போட மட்டுமே நான்கு பாஷை வேண்டும். அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. இந்தி, மராத்தி, கொஞ்சம் குஜராத்தி, எல்லாவற்றிலும் பேரம் பேசுவாள். படத்துக்கு அந்த மொழிபெயர்ப்பு அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தலைவர் தமிழை விட்டுக்கொடுக்காத மாதிரி தெரியும். எனக்கோ அந்த இடத்தில் கதை அறுந்துவிடும்.

இரண்டாவது காரணம், அந்தத் தாராவியில் மக்கள் எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்பதே தெரியாது. நாயக்கர் வாசலில் நிற்கிறார்கள், அழுகிறார்கள், ஆடுகிறார்கள், கைகூப்புகிறார்கள். நான் வளர்ந்த சந்தில் விடியற்காலை மூன்று மணிக்கே இட்லி மாவுச் சட்டி உருளும் சத்தம் கேட்கும். ஆறு மணிக்குள் அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, ஒரு டப்பாவில் சட்னி, இன்னொன்றில் சாம்பார், எல்லாம் சைக்கிளில் ஏறிவிடும். மாட்டுங்கா, தாதர், அதற்கு அப்பாலும் போவார்கள். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடா பக்கம் சூளைப் புகை கண்ணைக் கரிக்கும். அப்பாவின் சட்டையில் தோல் வாசனை ஞாயிற்றுக்கிழமையும் போகாது. நீதி கேட்டு யார் வாசலிலும் நிற்க அந்தச் சந்தில் எவருக்கும் நேரம் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

என் தம்பி மகன் அந்தேரியில் எடிட்டிங் வேலை பார்க்கிறான். வீட்டில் சினிமா பேச்சு எடுத்தால் அவனுக்கும் எனக்கும்தான் முட்டிக்கொள்ளும்.

"அத்தை, அது டாக்குமென்டரி இல்ல. புராணம் மாதிரி எடுத்திருக்காங்க."

"இருக்கட்டும்டா. அந்தப் புராணத்துல நான் எங்க நிப்பேன்? கும்பிடுற கூட்டத்துலதானே?"

"எல்லா படத்துலயும் நீங்க இருக்கணுமா?"

கேள்வி சரிதான். எல்லாவற்றிலும் வேண்டாம். ஆனால் என் ஊரைப் பற்றிய படத்தில் எனக்கு உட்கார ஓர் ஓரமாவது வேண்டும். 2014ல் வந்த மராத்திப் படம் 'கோர்ட்' அதைக் கொடுத்தது. அதில் அரசு வக்கீல் அம்மா, கோர்ட் முடிந்து லோக்கல் ரயிலில் வீட்டுக்குப் போகிறார், சமைக்கிறார். ஒரு பாட்டுக்காரரைச் சிறையில் வைக்க வாதாடிய அதே கை அடுப்பு முன்னால் நிற்கிறது. அப்புறம் குடும்பத்தோடு நாடகத்துக்குப் போகிறார்கள். வெளியூர்க்காரனைக் கேலி செய்கிற நாடகம். அரங்கமே சிரிக்கிறது. அப்பா சோற்றுத் தட்டு முன்னால் சொல்லாமல் விட்டது எனக்கு அந்தச் சிரிப்பில் கேட்டது. இத்தனைக்கும் அந்தப் படத்தில் தமிழர் யாரும் முக்கியப் பாத்திரம் இல்லை.

'விசாரணை' படம் வேறு மாதிரிக் கணக்கு. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். குண்டூரில் பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டுபோய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் வீட்டில் யாரும் அந்தப் படத்தை லேசாகப் பார்த்துவிட முடியாது. எங்கள் சித்தப்பா, பெரியப்பா மகன்கள் எல்லாரும் இந்த ஊருக்கு வந்த புதிதில் பிளாட்பாரத்தில் படுத்தவர்கள்தான். ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் நான் அடியை எண்ண ஆரம்பித்துவிட்டேன். வலி போய்விட்டது, எண்ணிக்கைதான் மிச்சம். அப்படி மரத்துப்போக வைப்பதே படத்தின் வேலை என்று தம்பி மகன் ஒரு விளக்கம் வைத்திருக்கிறான். இருக்கலாம். வெனிஸ் விழாவில் விருது கொடுத்தவர்களும் அப்படி நினைத்திருக்கலாம். எடுக்கப்பட வேண்டிய படம், எல்லாரும் ஒரு தடவை பார்க்க வேண்டிய படம். நான் இனிமேல் பார்க்க மாட்டேன்.

உலக சினிமா என்று அவன் பென்டிரைவில் கொண்டுவந்து தருவதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்', 1979. நுழையக்கூடாத ஓர் இடத்துக்குள் மூன்று ஆண்கள் தண்டவாளத் தள்ளுவண்டியில் போகிறார்கள். கேமரா அவர்கள் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. டடக் டடக் என்று சக்கரச் சத்தம். பக்கவாட்டு முகம், பின்மண்டை, மறுபடி பக்கவாட்டு முகம். உலகமே கொண்டாடும் காட்சி. நான் டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்கு லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் தினமும் அடுத்தவள் பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டு போகிறேன். தானே ஸ்டேஷன் தாண்டினால் அதையும் முழுசாகப் பார்க்க முடியாது, யாருடைய கிளிப்பாவது கண்ணில் குத்தும். அப்படிப்பட்டவளிடம் இது தியானம் என்றால் எப்படி? அதன் நிறம் மாறும் இடம், தண்ணீர்ச் சத்தம், எல்லாம் பிரமாதம் என்று எனக்கும் தெரிகிறது. தெரிந்துகொண்டே கொட்டாவி விட்டேன்.

"உங்களுக்கு ஸ்லோவா போனா ஆகாது அத்தை" என்று அவன் முடித்துவிட்டான். அதுதான் இல்லை. ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' இதைவிட வேகமாக ஓடுகிற படமா என்ன? 1953ல் எடுத்தது. கேமரா நகர்வதே அபூர்வம். வயசான அப்பா அம்மா, பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. வெந்நீர் ஊற்று இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ராத்திரி முழுக்க ஆட்டம் பாட்டம், கிழவர்களுக்குத் தூக்கம் இல்லை. செத்துப்போன மகனின் மனைவி மட்டும் வேலைக்கு லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். இவ்வளவுதான் கதை. ஊரிலிருந்து ஆச்சி வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்ததும் இவ்வளவுதான்.

இதை என் மாமியாரை உட்காரவைத்துப் போட்டேன். சப்டைட்டிலைத் தம்பி மகன் வாயால் தமிழாக்கிக்கொண்டே வந்தான். மூத்த மகள், அந்த அழகு நிலையக்காரி, தன் வீட்டுக்காரர் அப்பா அம்மாவுக்கு விலைகூடின பலகாரம் வாங்கிவந்ததற்கு முணுமுணுப்பாளே, அந்த இடம் வந்ததும் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஏ, இவ சரியான காரியக்காரில்லா! நம்ம பெரிய வீட்டுக்காரி கணக்கால்ல இருக்கா." அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு, நம் ஊரில் சேலை கேட்கிற மாதிரி, அவள் கிமோனோ எனக்கு வேணும் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டபோது, "நான்தான் அப்பவே சொன்னேன்லா" என்றார்.

"ஆச்சி, இது உலகத்துலயே பெரிய படம்னு சொல்லுதாங்க" என்றான் அவன்.

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும். அந்த மருமகளுக்கு மறுகல்யாணம் ஆச்சா இல்லையா, அதச் சொல்லு."

படம் அதைச் சொல்லவில்லை. அதற்கு அவரிடம் திட்டு வாங்கியது தம்பி மகன்தான்.